மோட்டாரு ஓடுதாக்கா?

இன்று காலை பழைய இரும்பு எடுக்கும் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. ஒலிபெருக்கியில் அதே குரல்: "பழைய இரும்பு, பித்தளை, செம்பு, ஓடாத மோட்டார்..."

துருப்பிடித்த வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வண்டிக்காரர் அதைத் தராசில் வைத்துக்கொண்டே, "நம்ம நாட்டுக்கு வேண்டிய செம்புல கணிசமா இப்படிப் பழசை உருக்கித்தான்க்கா வருது. நாங்க ஊர் ஊரா அலையலைன்னா அம்புட்டையும் வெளிநாட்டுலல்ல வாங்கணும்" என்றார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்து, "உங்க கிணத்து மோட்டாரு ஓடுதாக்கா?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. போன வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டாருக்குப் போகும் செம்பு ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தோட்டத்து மிளகாய்ச் செடி தண்ணீரில்லாமல் வாடிக் கிடக்கிறது.

ஓடுகிறது என்றால், ஒயர் இருப்பது தெரிந்துவிடும். ஓடவில்லை என்றால், தோட்டத்துப் பக்கம் ஆள் போவதில்லை என்று தெரிந்துவிடும்.

சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரவுக வந்தாத்தான் தெரியும்" என்றேன்.

"அப்ப அண்ணன் ஊர்ல இல்லையா?"

பாவம், வியாபாரத்துக்காகத்தான் கேட்டிருப்பார். சந்தேகப்பட எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதைக் கிணற்று மேட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நான் என்னதான் பதில் சொல்லியிருக்க வேண்டும்? கமெண்டில் சொல்லுங்கள். மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.