தரையோடு நறுக்கிய கேப் ஃபூஷியா

பாடாலூரில் சாலையோரம் செடிகள் விற்கும் அந்த அம்மாவின் ஆள்காட்டி விரலில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். எந்தத் தொட்டியைக் கண்டாலும் விரலை விட்டு ஈரம் பார்த்த பிறகுதான் ஆளின் முகத்தையே பார்ப்பார்.

நான் கொண்டுபோனது என் மனைவி கோத்தகிரியிலிருந்து வாங்கிவந்து வளர்த்த கேப் ஃபூஷியா. குழல் குழலாகச் சிவப்புப் பூ தொங்கும் செடி. அவள் பிறந்த வீட்டுக்குப் போன பத்தே நாளில், அதை மாடி வெயிலில் வைத்து, காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி ஊற்றிச் சாகக் கிடத்திவிட்டேன். மறுநாள் அவள் வருகிறாள்.

அந்த அம்மா விரலை விட்டுப் பார்த்தார். "தண்ணி ஊத்துனீங்களா, நீச்சல் பழக்குனீங்களா சார்?"

"பாசம் கொஞ்சம் கூடிப்போச்சுங்க."

கத்தரியை எடுத்தவர், நான் கத்துவதற்குள் செடியைத் தரையோடு நறுக்கிவிட்டார்.

"ஐயோ, வூட்டுல என்னங்க பதில் சொல்லுவேன்?"

மிஞ்சிய கட்டையை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை. "உசுரு இருக்குல்ல? நெழல்ல வைங்க. மண்ணு காஞ்சா மட்டும் ஊத்துங்க."

"இந்தச் செடி நெறைய பாத்திருக்கீங்களா?"

"இன்னிக்குத்தான் பாக்குறேன் சார்."

மூன்று வாரம் மனைவி என்னோடு சுருக்கமாகவே பேசினாள். பிறகு ஒரு காலை, மண்ணைப் பிளந்துகொண்டு நான்கு தளிர்கள். முன்பு இருந்தது ஒரே தண்டு.

பேரே தெரியாத செடியை வெட்ட அவருக்கு எப்படித் துணிச்சல் வந்ததென்று இன்றும் யோசிக்கிறேன். பேரும் ஊரும் தெரிந்த எனக்கு அதைக் கொல்லத்தான் தெரிந்தது.