வாய் கட்டிய கடிகாரம்

தையல்கார அம்மாவின் ஆள்காட்டி விரல் நகம் கோணல். கேட்டவர்களிடமெல்லாம், "மெஷின் ஊசி ஏறிடுச்சு" என்பார். அது பொய்.

அவருடைய ஏழாவது வயதில் குடும்பம் உயிர் பிழைக்க எல்லை தாண்டியது. லாரியில், தார்ப்பாய்க்கு அடியில், தாத்தாவின் மேசைக் கடிகாரம் அவர் மடியில் இருந்தது. காவல் சாவடியில் லாரி நின்ற நேரம் பார்த்து அது மணியடிக்கத் தொடங்கியது. சுத்திக்கும் மணிக்கும் இடையே அப்பாவின் தடித்த விரல் நுழையவில்லை. மகளின் விரலைத் திணித்தார். வாயையும் பொத்தினார்.

வந்து சேர்ந்த ஊரில் அந்தச் சுத்திக்குத் துணி சுற்றிக் கட்டினார்கள். கடிகார முகத்தில் பழைய ஊரின் எழுத்து இருந்ததால் அதற்கு அலமாரிக்குள்தான் இடம். ஊமையாக ஓடியது. சாவி கொடுப்பதை மட்டும் அவர் விட்டதில்லை. "நாங்க பரம்பரையா இந்த ஊருதான்" என்று மருமகளிடமும் சொல்லியிருந்தார்.

அன்று மருமகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "அத்தை, கடிகாரத்துல ஏதோ கந்தல் சிக்கியிருந்துச்சு. எடுத்து ஊற வச்சுட்டேன். இனிமே நல்லா அடிக்கும் பாருங்க!"

அவர் எழுவதற்குள் வாசற்கதவு தட்டப்பட்டது. மருமகள் போய்த் திறந்தாள். தெருவில் வந்தேறிகளைத் தேடிக்கொண்டிருந்த ஆட்கள். முனை வீட்டுக்கு அவர்கள் போட்ட பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுல வெளியூர்லேருந்து வந்தது யாரு?"

"நான்தான் சார். கல்யாணமாகி பின்தெருவுலேருந்து வந்தேன்."

"கிண்டலா? உள்ள யாரு இருக்கா?"

"மாமியார். வேணும்னா கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

ஒருவன் சிரித்தான். மற்றவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

உச்சிவேளை. அலமாரிக்குள் 'கிர்ர்' என்று சக்கரம் திமிறியது. சுற்றிலும் வெட்டுத் துணி மலைபோலக் கிடந்தது. கைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அவர் விரல் தானாகச் சுத்திக்கும் மணிக்கும் நடுவே போனது. பன்னிரண்டு அடி. முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த மருமகள், அலமாரியின் முன்னால் மாமியார் மண்டியிட்டிருப்பதைக் கண்டாள். கை இன்னும் உள்ளேயே இருந்தது. மெதுவாக எடுத்துவிட்டாள். கோணல் நகத்தின் மேலேயே ரத்தம் கட்டியிருந்தது. கடிகார முகத்தின் எழுத்தை இப்போதுதான் உற்றுப் பார்த்தாள்.

கத்தரிக்கோலை எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் ஒரு கீற்று வெட்டினாள். சுத்தியைச் சுற்றிக் கட்டினாள்.

"இன்னும் இறுக்கும்மா," என்றார் அவர். "பக்கத்து வீட்டுலதான் இருக்காங்க."