நங்கூரத்தில் பத்தொன்பது நாள்

என் வீடு மந்தைவெளியில். எங்கள் கப்பல் நங்கூரம் போட்டு நின்ற இடத்திலிருந்து சாந்தோம் கடற்கரை ஐந்தரை கடல்மைல். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. நான் அந்தக் கப்பலின் செகண்ட் ஆபிசர். வரைபடமும் வழியும் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் வரைபடத்தில் அம்பைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்தால் கப்பலிலிருந்து அதற்கு ஒரு கோடு போட்டு, தூரம் இவ்வளவு, திசை இத்தனை டிகிரி என்று சொல்லிவிடும். ஆனால் அதில் எங்கள் தெரு இருக்காது. கரையோரமாக, நாங்கள் கோயில் என்று சொல்லும் சாந்தோம் தேவாலயத்தின் கோபுரத்துக்கு ஒரு குறி, அதற்கு மேல் வெறும் மஞ்சள். அந்த மஞ்சளில் எங்கள் வீடு எங்கே இருக்கும் என்று தேடியே என் பாதி நாள் போனது.

என் ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. எனக்குப் பதிலாக வர வேண்டியவர் கப்பல் துறைமுகத்துக்குள் போனால்தான் ஏறுவார். துறைமுகத்திலோ இடமில்லை. கரையில் எங்கள் கப்பலின் காரியங்களைப் பார்க்கும் ஏஜென்டைக் கேட்டால் "நாளைக்கு சார்" என்பார். அவருக்கு வேறு வார்த்தை தெரியாது. கப்பல் நங்கூரத்தைச் சுற்றிச் சுற்றி ஊசலாடியதைத் திரை கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தது. பத்தொன்பது நாளில் அது ஒரு சிக்கல் விழுந்த நூல்கண்டு ஆகிவிட்டது. செக்குமாட்டைக்கூட சாயங்காலம் அவிழ்த்துவிடுவார்கள். நான் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

அந்த ஞாயிறு என் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். எட்டு வயது. வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி என்று எல்லாம் தைத்து வாங்கி ஆகிவிட்டது. போனில் சிக்னல் நன்றாகவே வரும் என்பதால் தினமும் பேசுவாள்.

"நீங்க வந்துடுவீங்கப்பா. சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் அம்மா போனை வாங்கி, "உலகம் பூரா கப்பல் ஓட்றீங்க. இத்தினூண்டு தூரம் வர வழியில்லையா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஏஜென்ட் வழக்கம்போல நாளைக்கு என்றதும் நம்பிக்கையைக் கைவிட்டேன். வர முடியாவிட்டால் என்ன, அவள் என்னைப் பார்க்கவாவது வேண்டும். எங்களோடு பதினோரு கப்பல்கள் நின்றன. கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி புள்ளி. அப்போதுதான் உயிர்காக்கும் படகில் இருக்கும் கண்ணாடி நினைவுக்கு வந்தது. கடலில் தவிப்பவர்கள் வெயிலைப் பிடித்து அடித்துக் காட்டுவதற்கான கையளவுக் கண்ணாடி. கேப்டனிடம் கேட்டேன். அவருக்கும் மகள் உண்டு. "எடுத்த இடத்தில் வைத்துவிடு" என்றார்.

மறுநாள் திருப்பலி முடிந்து வீட்டில் விருந்து நடந்தபோது நான் கப்பலின் மேல்தளத்தில் டியூட்டியில் இருந்தேன். சூரியனை வைத்துத் திசைகாட்டியைச் சரிபார்க்க ஒரு சாஃப்ட்வேர் வைத்திருப்போம். நேரத்தைக் கொடுத்தால் சூரியன் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று சொல்லும். நாலேகால் மணிக்கு மேற்கே, முப்பது டிகிரி உயரத்தில் என்றது. கரைக்கு வெளிச்சம் அடிக்கத் தோதான இடம். வரைபடத்தில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மணலில் அம்பை வைத்தேன். இருநூற்று முப்பத்தெட்டு டிகிரி. ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து மகளுக்கு எழுதினேன்: "வீட்டைப் பூட்டிட்டு அம்மாவோட வந்து, நாலேகாலுக்குக் கோயில் பின்னாடி மணல்ல நில்லு. அம்மா போன்ல காம்பஸ் திற. 238 வர்ற பக்கம் திரும்பு. அப்பா அங்கதான் இருப்பேன்." கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

நாலேகாலுக்கு ஆரம்பித்தேன். பைனாகுலரில் மணல் ஒரு மெல்லிய கோடு, அதில் ஊசிமுனைகளாக ஆட்கள். கண்ணாடியைச் சாய்த்து நிமிர்த்திச் சாய்த்து, வியர்வை கண்ணில் இறங்க, பத்து நிமிடம் அடித்தேன். பதினைந்து வருஷத்தில் எந்த வேலையையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. பிறகு போன் செய்தேன்.

"தெரியுதாம்மா?"

"காம்பஸ் கரெக்டா வெச்சிருக்கேன்பா. கடல் பக்கம் காட்டல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலில் எல்லாத் திசையையும் கப்பலிலிருந்துதான் பார்ப்போம். கோடு எங்களிடமிருந்துதான் கிளம்பும். அவளிடமிருந்து என்னைப் பார்க்க நேர் எதிர்த்திசை, ஐம்பத்தெட்டு. எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரிந்த சங்கதி. நான் கொடுத்த எண்ணில் அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்து நின்றிருந்தாள். அத்தனை வெளிச்சமும் அவள் முதுகில் விழுந்திருக்கும்.

"அப்பா," அவள் குரல் தாழ்ந்தது. "இது நம்ம வீட்டுப் பக்கம்தானே காட்டுது?"

"ஆமாம்மா, ஆனா…"

"எனக்குத் தெரியும், நீங்க வந்துட்டீங்க. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நீங்க கதவு மட்டும் திறந்து வைங்க."

போன் அணையவில்லை. கவுன் சரசரக்க, மணலில் அவள் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.