முறக்கடை முன்னால் நின்றவள்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பேயும் கிடையாது பிசாசும் கிடையாது என்று ஊர் ஊராக மேடையில் பேசியவன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் இது நடந்தது.

தஞ்சாவூர் கீழவாசலில் அப்போது சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தேன். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. கிராமங்களில் கூலிப் போராட்டம், அறுப்பு என்றாலே அடிதடி. உயிரோடு இருக்கையில் படம் எடுக்காமலே போய்விட்டவர்களை நாற்காலியில் உட்கார வைத்து எடுப்போம், பிறகு படத்தில் மூடிய இமைமேல் பிரஷ்ஷால் திறந்த கண் வரைவோம். டச்சிங் என்போம். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, சும்மா பீற்றிக்கொள்ளவில்லை.

வெண்ணாற்றங்கரைக் கூலிக்காரர் கோவிந்தன் கூப்பிட்டனுப்பினார். வயலில் நடந்த அடிதடியில் அவர் மனைவி அஞ்சலை தலையில் அடிபட்டு இறந்திருந்தாள். முக்காடு போட்டு உட்கார வைத்திருந்தார்கள், மேலுதட்டில் ஒரு மச்சம். படம் எடுத்துவந்து கண் வரைந்து வைத்தேன். வாங்க வந்த கோவிந்தன் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, மூக்கு அவதாங்க. வாயும் அவதான். கண்ணுதாங்க வேற யாரோ."

"எப்படி இருக்கும்னு சொல்லுங்க, மாத்திடலாம்."

"சொல்லத் தெரியலீங்களே. பாத்தா தெரியும். கைப்புள்ளைங்க எம் பொண்ணு. நாளைக்கு எங்கம்மா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா இதத்தான காட்டணும்?"

அவர் போன பிறகு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். தூக்கிவாரிப்போட்டது. அது என் ராஜத்தின் கண். முந்தின வருஷம் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாளே, அந்த என் மனைவி. "புள்ள பொறக்கட்டுங்க, மூணு பேருமா எடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவள். ஊர்ப் பிணத்தையெல்லாம் எடுத்த எனக்கு அவளை நாற்காலியில் உட்கார வைக்க மனசு வரவில்லை. அவளுக்கென்று ஒரு படமும் கிடையாது. கை அதுபாட்டுக்கு அவள் கண்ணை அஞ்சலை முகத்தில் போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் இருப்புக்கொள்ளாமல், கேமராவில் மிச்சமிருந்த ஏழெட்டுப் படத்தையாவது முடிப்போம் என்று மார்க்கெட்டுக்குள் நடந்தேன். வாழைத்தார் இறக்குகிறவர்கள், வெற்றிலைக் கவுளியைத் தண்ணீர் தெளித்து அடுக்குகிறவர், மீன் கழுவுகிற பெண், எல்லாரையும் எடுத்தேன். கடைசிப் படம் ஒரு முறக்கடை. கடைக்காரர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார், முன்னால் ஈ காக்கை கிடையாது. சத்தியமாகக் கிடையாது.

கழுவிப் பிரிண்ட் போட்டால் அந்தக் கடைசிப் படத்தில், கையில் ஒரு முறத்தோடு அஞ்சலை நிற்கிறாள். அதே முக்காடு, மேலுதட்டில் அதே மச்சம். என்னை நேராகப் பார்க்கிறாள். இடது கண் கொஞ்சம் மூக்குப் பக்கமாக ஒதுங்கியிருந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. அழுகைதான் வந்தது. பிள்ளைக்காக வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

புதிதாக ஒரு பிரதி போட்டு, அந்தக் கண்ணைப் பார்த்து அப்படியே வரைந்தேன். கோவிந்தன் வந்து பார்த்தார். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதாங்க... இந்த ஒன்னரக் கண்ணுதாங்க. எப்படிங்க தெரிஞ்சுது?"

படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் தயங்கினார்.

"அந்தப் பழச எரிச்சிருங்கய்யா. அவ மூஞ்சில இன்னொருத்தர் கண்ணு வேணாம்."

நியாயம்தானே? என்ன சொல்லி மறுப்பேன்? அவர் முன்னாலேயே தீக்குச்சி கிழித்தேன். ராஜத்தின் கண் சுருண்டு கருகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். போனால் போகிறது, வேறு வரைந்துகொள்ளலாம், அவள் கண் எனக்கு மனப்பாடம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து ராஜம் கண்ணை வரையலாம் என்று எத்தனையோ முறை பிரஷ்ஷை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாலும் அஞ்சலைதான் பார்க்கிறாள், என் பெண்டாட்டி முகம் எனக்கு வரவில்லை. ஞாயிறு தவறாமல் அந்த முறக்கடை முன்னால் ஒரு படம் எடுக்கிறேன். கழுவும்போது, அஞ்சலை வந்தாளே, நீ ஏண்டி வரமாட்டேங்குற என்று வாய்விட்டே கேட்டுவிடுகிறேன். இதுவரை படத்தில் முறங்கள் மட்டும்தான் விழுந்திருக்கின்றன.