சொட்டு மருந்து மூடிக்குள் டீசல் சத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை. முன்னால் நடந்தது பின்னால் வரும், பின்னால் நடந்தது வராமலே போகும். மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரர் ரயில் எஞ்சினுக்குச் சத்தம் வைத்த கூத்தை மட்டும் மறக்க நினைத்தாலும் மறக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது இராஜபாளையத்தில். அவர் நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாளில் மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மணிக்கு மணி டிங் டாங் என்று அடிக்கிற கடிகாரம். அவருடைய காதை அந்த மிஷின்கள் எப்போதோ வாங்கிக்கொண்டது யாருக்கும் நினைவில்லை. அது அடிக்கிறது, நான் கேட்கிறேன். அவர் ஓய்வு பெற்றதற்குத் தண்டனை எனக்கு.

மகன் காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். "கொய்யின்னு எரையுது" என்று அதை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். திருடன் வந்தால் நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்திருப்பார்.

நானும் கல்யாணத்துக்கு முன்னால் அதே மில்லில் வேலை பார்த்தவள்தான். பிறகு பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனிக்குப் போய்விட்டதால் என் காது தப்பியது. மில்லுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. எல்லாம் கைச்சாடை, உதட்டசைவு. எங்கள் குடும்பம் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. சண்டை போடும்போது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது என்பது ஒரு வசதி.

இனி அண்ணாச்சி. அவர் எங்கள் சம்பந்தி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். அவர் மகளைத்தான் எங்கள் மகன் கட்டியிருக்கிறான், இருவரும் வெளிநாட்டில். அவர் சம்சாரம், எங்கள் மதினி, இறந்துபோன பிறகு அண்ணாச்சி தனியாள். மதுரை – செங்கோட்டை பாதையில் டீசல் எஞ்சின் ஓட்டியவர். இப்போது அந்தப் பாதையில் மேலே கம்பி கட்டி மின்சார எஞ்சின் விட்டுவிட்டார்கள். அதை அண்ணாச்சி தனக்குச் செய்த சொந்தத் துரோகமாக எடுத்துக்கொண்டார். வீட்டு முன்னறை முழுக்க மேஜை போட்டு, அதில் விரல் அகலத் தண்டவாளம் வளைத்து, தெர்மகோலில் மலை செய்து, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் என்று இரண்டு ஸ்டேஷனும் வைத்துவிட்டார். மகள் வாங்கி அனுப்பிய டீசல் எஞ்சின் அதில் சுற்றும். உள்ளங்கையில் வைத்து மூடினால் மூக்கும் வாலும் மட்டும் வெளியே தெரியும், அவ்வளவுதான்.

சுற்றுவது சரி, பார்க்கத்தான் ஆளில்லை. சர்க்கரையில் அண்ணாச்சியின் கண் மங்கிப்போனது. வண்டி எங்கே வருகிறது என்று தெரியாமல் வளைவில் வேகமாக விட்டுக் கவிழ்த்துவிடுவார். ஒருநாள் நாங்கள் போயிருந்தபோதே மேஜையிலிருந்து விழுந்தது. குனிந்து தரையைத் தடவினார். நான் எடுத்து மேஜையில் வைத்தேன்.

"மச்சான், இது ஊமை வண்டி. சத்தம் இருந்தா காதாலயே பிடிச்சிருவேன், எங்க போகுது, எங்க திரும்புதுன்னு. இல்லாட்டி மேசையப் பிரிச்சு எவனுக்காவது குடுத்துர வேண்டியதுதான்" என்றார்.

அந்த மேஜை போய்விட்டால் அந்த வீட்டில் அவருக்கு வேறு வேலை கிடையாது. கட்டிலும் சொட்டு மருந்தும்தான்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் கையால் சொன்னேன். புரிந்ததும் நெஞ்சைத் தட்டினார்.

"சத்தந்தான வேணும்? நான் வச்சித் தாரேன் மச்சான்!"

காது கேட்காதவர் சத்தம் வைக்க, கண் தெரியாதவர் வண்டி ஓட்ட. பிள்ளைகளுக்கு ஜாதகம் பார்த்த ஜோசியர் இந்தப் பொருத்தத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

எஞ்சினை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தோம். சத்தம் வைக்க டீகோடர் என்று ஒன்று வேண்டும். கட்டைவிரல் நகத்தளவு பச்சைத் தகடு. ஓடு, நில், விளக்கைப் போடு என்று நாம் சொல்கிற உத்தரவு தண்டவாளத்து கரண்ட் வழியாக அதற்குப் போகும். சத்தம் போடுகிற வகையில் நிஜ டீசல் எஞ்சினின் உறுமலையும் ஹாரனையும் பதிந்து வைத்திருப்பார்கள். கூடவே ஒரு பொட்டு ஸ்பீக்கர். மகன் இரண்டு டீகோடர் அனுப்பினான். ஒன்று போதாதா என்று மருமகள் கேட்டாளாம். "எங்கப்பாவ ஒனக்குத் தெரியாது" என்றானாம்.

தெரிந்த பிள்ளைதான். முதல் டீகோடர் அன்றைக்கே புகைந்து போனது. மோட்டாரை எஞ்சினின் இரும்புச் சட்டத்தில் படாமல் பிரித்து வைக்க வேண்டும் என்று கூட வந்த தாளில் படமே போட்டிருந்தது. மில்லில் மோட்டார் என்றால் முதல் வேலை எர்த் கொடுப்பது. அதனால் இவர் விரல் நீள எஞ்சினின் மோட்டாருக்கும் ஒரு வயரை எடுத்துச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். "யாருக்கும் ஷாக் அடிச்சிரக் கூடாதுல்லட்டி" என்றார். டீகோடருக்கு அடித்தது.

இரண்டாவதை வைக்கும்போது ஏட்டி, ஏட்டி என்று என்னையும் இழுத்துக்கொண்டார். முடி மாதிரி வயர்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஆயுசு முழுக்க நூலோடு இருந்த மனிதருக்கு ஒரு வயரை ஓட்டையில் நுழைக்கத் தெரியவில்லை. நான் நுழைத்தேன், அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஸ்பீக்கருக்கு இடம் வேண்டுமென்று இரும்புச் சட்டத்தை என் சுளகில் வைத்து அரத்தால் அராவினார். அந்தச் சுளகில் அரிசி புடைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஒருவழியாக, அண்ணாச்சி கொடுத்தனுப்பிய துண்டுத் தண்டவாளத்தில் கரண்ட் கொடுத்ததும் வண்டி உயிர் பெற்றது. இவர் எஞ்சின் கூரைமேல் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மில்லில் அப்படித்தான், மிஷின் மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் போச்சா இருக்கா என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தில், அதிர்வு நன்றாக வர வேண்டும் என்று ஸ்பீக்கரைக் கூரையின் உள்பக்கம் பச்சென்று ஒட்டி, சத்தத்தையும் உச்சத்தில் வைத்திருந்தார்.

"அதிருது பாருட்டி! எம்புட்டு ஜோரா அதிருது!"

அதிர்ந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காதுக்கு வந்தது தகர டப்பாவில் அடைபட்ட வண்டின் இரைச்சல். நான் உதட்டைப் பிதுக்கிக் கையை ஆட்டினேன்.

"ஒனக்கு என்னட்டி தெரியும், டீசல் சத்தத்தப் பத்தி?"

ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்து, இத்தனை காலம் அந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்டு எழுந்தவள் நான். குறட்டை விட்டவர் அவர்.

எஞ்சினைப் பேண்டேஜ் துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்துக் கிளம்பினோம். அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம். மடியில் நான் டப்பாவைப் பிடித்திருந்த பக்குவத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மா கேட்டாள்.

"என்ன ஆச்சி, பெருமாளுக்கா?"

டீசல் எஞ்சின் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவைத்தேன். அந்தம்மா டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புண்ணியம் யாருக்குப் போனதோ.

அண்ணாச்சி வீட்டில் நான் எப்போதும் கதவோரம் நிற்பேன். சம்பந்திக்கு முன்னால் உட்காரவும் மாட்டேன், நேருக்கு நேர் பேசவும் மாட்டேன். சொல்ல வேண்டியதை வீட்டுக்காரரிடம் சொல்வேன், அவர் அண்ணாச்சியிடம் சொல்வார். அவருக்குக் காது போனதிலிருந்து, கைச்சாடைக்கு அடங்காத என் பேச்செல்லாம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, மேஜையோரக் கரண்ட் பெட்டியின் சாவியை அண்ணாச்சி திருப்பினார். வண்டு கத்தியது. அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். மேஜை முழுக்க ஒரே இரைச்சல், எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. வளைவில் மறுபடியும் கவிழ்ந்தது. என் வீட்டுக்காரர் நிமிர்த்தி வைத்துவிட்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"நல்லாருக்கு மச்சான். ரொம்ப நல்லாருக்கு" என்றார் அண்ணாச்சி.

சம்பந்திகளுக்குள் குறை சொல்கிற வழக்கம் கிடையாது. அவர்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் நாங்கள் இரண்டாம் தரம் வாங்கிக்கொள்வோம். அந்த மரியாதையில்தான் அண்ணாச்சி, "செத்த நேரம் கழிச்சு ஓட்டிக்கிடலாம், காப்பி குடிங்க" என்று சொல்லி, கொடியில் கிடந்த பழைய வேட்டியை எடுத்து மேஜைமேல் விரித்தார். நான்கு மூலையையும் தடவித் தடவி இழுத்துவிட்டார். இனி எடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இருவரும் உள்ளே காப்பிக்குப் போனார்கள். வண்டி நின்றுவிட்டாலும் வேட்டிக்கடியில் வண்டு மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. நிறுத்துகிற சுவிட்ச் எதுவென்று எனக்குத் தெரியாது. வெட்கக்கேடாக இருந்தது, சாவு வீட்டில் பிள்ளை அழுவது மாதிரி. மெல்ல வேட்டியை விலக்கி, எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றினேன். வீட்டில் எத்தனையோ தரம் கழற்றிப் பார்த்ததுதான். ஸ்பீக்கர் ஒட்டுவிட்டு வயரோடு தொங்கியது. வெளியே வந்ததும் இன்னும் கீச்சென்று கத்தியது. சத்தம் உள்ளே போய்விடக் கூடாதே என்று பயந்து, அதைக் கைக்குள் பொத்தினேன். அதன் முகம் மட்டும் விரலிடுக்கில் தெரிந்தது.

வண்டு செத்தது. டீசல் எஞ்சின் வந்தது. தூரத்து ஸ்டேஷனில் நின்று குமுறுகிற அந்தக் கனமான சத்தம், என் கைக்குள்ளிருந்து.

உள்ளே தம்ளர் கீழே வைக்கிற சத்தம்.

"யாரு? மச்சான், நீயா? கைய எடுக்காத! அப்படியே வையி!" அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். அவர் தேடிய மச்சான் உள்ளே நிம்மதியாகக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. "அவிய இல்ல அண்ணாச்சி. நாந்தான்" என்றேன். சம்பந்தியிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"தங்கச்சியா! சரி, கைய எடு பாப்போம்." எடுத்தேன். கீச்சென்றது. "இப்ப வையி." குமுறியது. "எடு. வையி. பின்பக்கம் பொத்தினாத்தான் தொண்ட தெறக்குது. அதுக்கு ஒரு டப்பா செய்யணும் தங்கச்சி, சின்னதா. என்ன இருக்கு?"

அந்த வீட்டில் சின்னதாக நிறைய இருந்தது ஒன்றுதான். ஜன்னலில் கண் சொட்டு மருந்துக் குப்பிகள், காலியும் பாதியுமாக. ஒரு மூடியை எடுத்து வைத்துப் பார்த்தேன், அளவெடுத்தது போல இருந்தது.

வீட்டுக்காரரை இழுத்து வந்து கையால் எல்லாம் சொன்னேன். நம்பவில்லை. "ஸ்பீக்கர மூடிப் போட்டு அடைச்சா சத்தம் எப்படிட்டி வெளிய வரும்?" என்று என்னிடமும், "ஒம் தங்கச்சிக்கு மூள கொளம்பிருச்சு மச்சான்" என்று அண்ணாச்சியிடமும் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே மூடியை வாய்ப்பக்கமாகப் பிளேடால் குட்டையாக அறுத்து, ஸ்பீக்கரை அதன் வாயில் வைத்து, சந்தில்லாமல் பசை தடவினார். கை வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. சொல்ல எனக்கு ஆசைதான்.

பசை காய்ந்ததும் அண்ணாச்சி மறுபடி சாவியைத் திருப்பினார். இந்த முறை தலையைச் சாய்க்கவில்லை. எஞ்சின் போகிற பக்கமே முகம் போனது. வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி, ஹாரன் அடித்து, சங்கரன்கோவிலுக்கு எடுத்தார். கவிழவில்லை. வேட்டியை நான் மடித்துக் கொடியில் போட்டேன்.

என் வீட்டுக்காரர் கூரையில் விரலை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அதிரவே இல்ல. ரெண்டு பேருமா சேந்து கெடுத்துட்டீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னோடு சாடையில்கூடப் பேசவில்லை. இன்றைக்கும் அவர் கணக்கில் அது நாங்கள் கெடுத்த வண்டிதான். அடுத்த தரம் பெரிய ஸ்பீக்கராகப் போட்டு அதிர வைக்கிறேன் என்கிறார். அண்ணாச்சி இப்போது போன் போட்டால் மச்சானைக் கேட்பதில்லை. "தங்கச்சி, இத கேளு" என்று போனை மேஜையில் வைத்துவிடுகிறார். நான் அடுப்படியில் நின்று, வண்டி சங்கரன்கோவில் போய்ச் சேருகிற வரைக்கும் கேட்கிறேன்.

ஒரு வேண்டுகோள். மோட்டாருக்குப் போகிறது ஆரஞ்சும் சாம்பலும், தண்டவாளத்துக்குச் சிவப்பும் கறுப்பும் என்று என் நினைவு. மூடிக்குள் அடைத்தால் ஸ்பீக்கர் சூடாகுமா என்பதும் தெரியவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பிருந்தால் திருத்திச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.