போகாத விசாரணை

“இந்தக் கடிதத்தை எழுதுனது யாரும்மா?”

மில் தரப்பு வக்கீல் காகிதத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். சாட்சிக் கூண்டில் நின்ற கிருஷ்ணவேணி மறைக்கத் தெரியாதவள்.

“எங்க சங்கத்து அண்ணா எழுதுனாருங்க. நான் கையெழுத்துப் போட்டனுங்க.”

அந்த அண்ணா நான்தான். லேபர் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடிதத்துக்கு எம்-11 என்று நம்பர் போட்டார்கள். எம் என்றால் மேனேஜ்மென்ட் தரப்பு ஆவணம். நான் எழுதியது, அவர்களுக்கு ஆயுதமாகப் போய்விட்டது.

தருமபுரி மாவட்டத்தில் இருபத்தாறு வருஷம் சங்க வேலை பார்த்தவன் நான். ஜெயித்த கேஸ்களைச் சொல்லச் சொல்லி இளைஞர்கள் கேட்பார்கள். அதையெல்லாம் மேடையில் வேண்டிய மட்டும் பீற்றிக்கொண்டாயிற்று. இது என்னால் தோற்ற கேஸ்.

1. பாபின்

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். கிருஷ்ணவேணி அங்கே நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். ஒரு மெமோ கிடையாது. ஒருநாள் வயிற்று வலி தாங்காமல் மேஸ்திரியிடம் பத்து நிமிஷம் கேட்டிருக்கிறாள்.

“தெனமும் உனக்கு ஒரு வலியா? நடிக்காம நூலப் புடி” என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறார் அந்த மனுஷன்.

கையிலிருந்த, நூல் சுற்றும் காலி பாபினைத் தரையில் ஓங்கிப் போட்டுவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். மறுநாள் சார்ஜ் மெமோ வந்தது. மேஸ்திரியின் முகத்தில் பாபினை வீசித் தாக்கினாளாம்!

பக்கத்து மெஷினில் நின்ற மேரி முழுவதையும் பார்த்தவள். “கீழதாண்ணா போட்டா. அவரு மேல படவே இல்ல. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்” என்றாள். அந்த மில்லிலேயே வேலையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

2. வாசல்

வேலையை விட்டு எடுப்பதற்கு முன்னால் கம்பெனி உள் விசாரணை நடத்த வேண்டும். அதற்கு ஒரு வெளி வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். கிருஷ்ணவேணியும் மேரியும் போனபோது, துணையாக உட்கார நானும் போனேன். கேட்டிலேயே ஆள் நிர்வாகம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் கையைக் குறுக்கே நீட்டினார்.

“சார், கூட வேலை செய்யறவங்கதான் துணைக்கு வரலாம். ஸ்டாண்டிங் ஆர்டர்லயே இருக்குது. நீங்க வெளியாளு. அந்த மேரியக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

அவர் சொன்னது சரி. ஸ்டாண்டிங் ஆர்டர் என்கிற அந்த மில் விதிகளை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் ஷிப்ட் முடிந்து வெளியே வந்த ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் வேறு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு ரத்தம் கொதித்தது.

“என்னை வுடாத எடத்துல எங்காளும் வராது!” என்று கத்தினேன். ஸ்கூட்டர் சீட்டில் பேப்பரை வைத்து அங்கேயே எழுதினேன். நியாயம் கிடைக்காது என்பதால் இந்த விசாரணையை முழுமையாகப் புறக்கணிக்கிறேன் என்று அவள் பேரில் எழுதி, அவளிடம் நீட்டினேன். அவள் தயங்கினாள்.

“அண்ணா, நானும் மேரியும் உள்ள போயி நடந்ததச் சொல்லிட்டு வந்துர்றமே?”

“உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. உள்ள போனா அவங்க விசாரணைய நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். போடு கையெழுத்த. கோர்ட்ல பாத்துக்கலாம்.”

போட்டாள். அன்று சாயங்காலம் கேட் மீட்டிங்கில் எனக்குக் கைதட்டல் காதைப் பிளந்தது. மேலும் இரண்டு முறை விசாரணை நோட்டீஸ் வந்தது. அதையும் வாங்கிக் கிடப்பில் போட்டேன். மேஸ்திரியும் அவருக்கு வேண்டிய இரண்டு பேரும் உள்ளே சாட்சி சொன்னார்கள். எதிர்த்து ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லை. குற்றச்சாட்டு நிரூபணமானது என்று எழுதி, அவளை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் புறக்கணிப்பு கிருஷ்ணவேணிக்காக அல்ல. பத்துப் பேர் பார்க்க என்னை வாசலில் நிறுத்திவிட்டார்களே, அந்த ஆத்திரத்துக்காக.

3. கோர்ட்

சமரச அதிகாரியிடம் பேச்சு முறிந்து, கேஸ் லேபர் கோர்ட்டுக்குப் போனது. உள் விசாரணை முறையாக நடந்ததா என்பதைத்தான் கோர்ட் முதலில் பார்க்கும். முறையாக நடக்கவில்லை என்றால் இரு தரப்பும் புதிதாகச் சாட்சி விடலாம். முறையாக நடந்தது என்றால் அந்த விசாரணைப் பேப்பரில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. புதுச் சாட்சி கிடையாது.

எம்-11-ஐப் பார்த்ததும் எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். “எதுக்குங்க இதைப் போயி எழுதிக் குடுத்தீங்க? போயி உக்காந்து நாலு கேள்வி கேட்டிருந்தாலே போதுமே!” என்றார்.

தொழிலாளிக்கு மூன்று முறை வாய்ப்புத் தரப்பட்டது, அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், எனவே விசாரணை முறையானதே என்று உத்தரவு வந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு மேரி கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் மில்லை விட்டு நின்று, கல்யாணமாகி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போயிருந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்தாள்.

“என்னை எப்பண்ணா கூப்புடுவாங்க?”

“கூப்புட மாட்டாங்க மேரி. புதுச் சாட்சி இல்லன்னு சொல்லிட்டாங்க.”

“நான் பாத்தனேண்ணா! பாத்தவளக் கேக்காம எப்பிடிண்ணா முடிவு பண்ணுவாங்க?”

அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

பதினோரு வருஷம் குறையில்லாமல் வேலை செய்தவளுக்கு டிஸ்மிஸ் அதிகப்படியான தண்டனை என்று எங்கள் வக்கீல் கடைசி வரை வாதாடினார். தண்டனையைக் குறைக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மேலதிகாரியை அடித்தவர் என்றுதானே பேப்பர் சொல்கிறது? டிஸ்மிஸ் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஹைகோர்ட் போனாலும் இதே பேப்பர்தான் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். சாமந்தி பறிக்கக் கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வேலை போனதைப் பற்றி அவள் பேசவில்லை.

“அதுல நான் அடிச்சேன்னுதான் எழுதியிருக்குதாண்ணா?”

“ஆமாம்மா.”

“இனி மாத்தவே முடியாதுங்களா?”

“முடியாதும்மா. தப்பு என்னோடது. உன்னை உள்ள போக வுடாதது நான்தான்.”

“வூட்டுக்கு வந்துட்டீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று உள்ளே போனாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சங்க வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, விசாரணை எவ்வளவு மோசமாக நடந்தாலும் உங்கள் ஆளை உள்ளே அனுப்புங்கள். ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். கேள்வி கேட்கச் சொல்லுங்கள், சாட்சியைப் பேசச் சொல்லுங்கள். தலைவன் வாசலில் நிற்க வேண்டியிருந்தால் நிற்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. அன்று நான் கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அவர் மேல் படவே இல்லை என்று மேரி சொன்ன ஒரு வரி அந்தப் பேப்பரில் இருந்திருக்கும்.