கன்றுக்குட்டியிடம் கொடுத்த வாக்குமூலம்

கல் பறந்தால்தான் கவர்மெண்டுக்குக் காது கேட்கும் என்று நம்பியவன் நான். எண்பதுகளின் கடைசி. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ரோடெல்லாம் மறியல் நடந்த சமயம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் எங்கள் ஊரும் உட்கார்ந்தது. முன்வரிசையில் என் சித்தப்பா, தூக்குவாளியில் புளிச்சோற்றோடு.

"போலீஸ் வரும், வேன்ல ஏத்தும், கல்யாண மண்டபத்துல வச்சிருந்து சாயங்காலம் வுட்டுடும். ஒருத்தரும் கை ஓங்கக் கூடாது" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"இன்னா சித்தப்பா, மறியலுக்கு வந்தீங்களா, பந்திக்கு வந்தீங்களா?" என்றேன்.

"பயமா இருந்தா வூட்டுக்குப் போடா."

கூட்டமே சிரித்தது. எனக்கா பயம்? லுங்கி மடியில் ஜல்லிக் கற்களைக் கட்டிக்கொண்டு கடைசியில் போய் நின்றேன்.

வேன் வந்தது. இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல, சித்தப்பா தலையாட்டியபடி எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் லத்தியைக் கைமாற்றிப் பிடித்தார். அவ்வளவுதான். சுடப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வீசினேன். வேன் கண்ணாடி நொறுங்கியது. சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த நொடி தடியடி.

நான் அதற்குள் கரும்புக் காட்டில். மிச்சக் கற்களின் கனத்தில் லுங்கி வழியிலேயே விடைபெற்றுக்கொண்டது. கரும்புச் சோகையின் கூர் இலை உடம்பெல்லாம் அறுத்தது. பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பாமலே கையைத் தூக்கினேன்.

"சார், நான் இல்ல சார்! கல்லு வுட்டது எங்க சித்தப்பா சார்!"

ஈரமாக எதுவோ முதுகைத் தொட்டது. எருமைக் கன்று.

இதை நண்பர்களிடம் பாதிதான் சொல்வேன். லுங்கியும் கன்றும் வரும், வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அந்தக் கன்றிடம் நான் என்ன சொன்னேன் என்பது மட்டும் வராது.

உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை. கல் எறிந்தது யார் என்று கேட்டு ஸ்டேஷனிலும் சித்தப்பாவை அடித்திருக்கிறார்கள். சில நாள் கழித்து, கையில் மாவுக்கட்டோடு வந்தார். என் கீறல்களைப் பார்த்து, "தேங்கா எண்ணெ தடவுடா" என்றார்.

அந்தக் கை பிறகு நேராகவே இல்லை. தைரியத்தைப் பற்றி யார் பேசினாலும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அடித்துக் கேட்டும் அவர் என்னைச் சொல்லவில்லை. யாருமே கேட்காமல் நான் அவரைச் சொன்னேன்.